முப்பத்தஞ்சு சாரின் ஆறு மீட்டர் துணி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் அது ஒரு பிழையும் இல்லாமல் மாதாமாதம் அச்சாகி வரும். ஆனால் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பஸ்ஸிலும் அவர் முப்பத்தஞ்சு சார்தான். தலைமையாசிரியை ஒருமுறை மேடையிலேயே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சார் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனார்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேற முப்பத்தைந்து மதிப்பெண் வேண்டும். வாய்ப்பாட்டைக் கண்டாலே காய்ச்சல் வருகிற பிள்ளையானாலும் சரி, அந்த முப்பத்தைந்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார். எப்படி என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்லுவார். வரைபடம் ஒன்று, எட்டு. முக்கோணம் வரைவது ஒன்று, எட்டு. ஆச்சா, பதினாறு. தேற்றம் ஒன்றை நெட்டுருப் போட்டால் ஐந்து. ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஏழு கேள்வியாவது மாட்டாமல் போகாது. மிச்சக் கணக்குகளைப் போடவே வேண்டாம். சூத்திரத்தை மட்டும் எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தால் கேள்விக்கு ஒன்று வீதம் ஏழு. கூட்டிப் பாருங்கள், எங்கேயாவது இடிக்கிறதா? இருபத்தொன்பது வருடமாக இடித்ததில்லை.

அவருடைய ஏழாம் நம்பர் அறையில் கரும்பலகையின் நட்டநடுவே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. வேறு யாராவது என்றால் பலகையை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருப்பார்கள். இவர் அந்த விரிசலையே வரைபடத்தின் நெடுக்குக் கோடாக வைத்துக்கொண்டார். பீரோவில் பதினைந்து காம்பஸ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பென்சில் நூலால் கட்டித் தொங்கும். எடுத்துவராத பிள்ளைக்குத் திட்டிக்கொண்டே கொடுப்பார். "சாப்பாட்ட மறப்பியாடா? காம்பஸ மட்டும் நல்லா மறந்துட்டு வந்துடு!"

அப்படித் தேறியவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். பஸ் கண்டக்டர், மின்வாரிய லைன்மேன், நீதிமன்றத்து டவாலி. 'பத்தாவது பாஸ்' என்று ஒரு தாளைக் காட்டினால்தான் கதவு திறக்கிற உலகம் இது. அந்தத் தாளை வாங்கிக் கொடுத்தவர் இவர். உள்ளே போனவனுக்குக் கணக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைத் தானே கேட்டுக்கொண்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி யாராவது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பார்களா?

ஓய்வுபெற நாலு வருடம் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. கணக்குப் பாடத்திட்டம் மாறுகிறது, தேர்வும் மாறுகிறது. வரைபடம் போயிற்று. முக்கோணம் போயிற்று. தேற்றம் போயிற்று. சூத்திரம் எழுதினால் ஒன்று என்பதும் போயிற்று. இனி வாழ்க்கைக் கணக்குகள் எண்பது மதிப்பெண்ணுக்கு, 'உன் சொந்த வார்த்தைகளில் விளக்குக' என்று நாலு கேள்வி இருபது மதிப்பெண்ணுக்கு. மனப்பாடத்துக்கு இனி இடமில்லை என்று சுற்றறிக்கையின் கடைசி வரி தடித்த எழுத்தில் சொல்லியது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, புதுப் புத்தகம் பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி. வேறொரு பள்ளியின் கூடத்தில் நாற்பது கணக்கு ஆசிரியர்கள், சுழலாத மின்விசிறி இரண்டு, பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். பயிற்சி கொடுக்க வந்த மேடத்துக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நம்மவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மூணை அரையால வகுத்தா என்ன வரும்?"

"ஆறு மேடம்." இதுகூடவா என்பதுபோல் சொன்னார்.

"எப்படி சார்?"

"அரையைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்."

"ஏன் தலைகீழாப் போடணும்?"

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை தலைகீழாகப் போட்டிருப்பார்! ஏன் என்று ஒருவன் கேட்டதில்லையே!

"அது ரூல் மேடம்" என்றார்.

பின்வரிசைகளில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் யாருக்காவது பதில் தெரியுமா என்றால் அதுவும் இல்லை. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பலகையில் நீளமாக ஒரு பட்டை வரைந்து, "என்கிட்ட ஆறு மீட்டர் துணி இருக்கு. முக்கால் மீட்டர் துண்டா வெட்டணும்" என்று ஆரம்பித்தார். ஒரு மீட்டரில் நாலு கால். ஆறு மீட்டரில் இருபத்துநாலு கால். மூன்று காலுக்கு ஒரு துண்டு. அப்போது எத்தனை துண்டு? எட்டு. என்ன செய்தோம்? நாலால் பெருக்கினோம், மூன்றால் வகுத்தோம். அவ்வளவுதான் சார், அதைத்தான் தலைகீழ் என்கிறோம்.

கூடத்தில் இருந்தபோது சாருக்கு அவமானம்தான் இருந்தது, ஒன்றும் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது, திடீரென்று அந்தத் துணி கண்ணுக்குத் தெரிந்தது. கால் கால் காலாக மடிந்து கிடந்தது. "அட, இவ்வளவுதானா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கண்டக்டர் அவருடைய பழைய மாணவன்தான், ஓடிவந்தான். "என்ன சார், ஸ்டாப்ப விட்டுட்டீங்களா?"

"இல்லடா. விட்டதைப் பிடிச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் செய்தித்தாளை நீளநீளமாகக் கிழித்து ஒட்டி மனைவிக்குச் செய்து காட்டினார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏங்க, இவ்வளவு நாளும் இது தெரியாமயா சொல்லிக்கொடுத்துட்டு இருந்தீங்க?" என்றார்.

குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்டதில்லை. சும்மா கேட்டதுதான். சார் கிழித்த காகிதத்தையெல்லாம் பொறுக்கி மடித்து வைத்தார்.

ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. ஐம்பத்துநாலு வயதில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அது சும்மா இருக்க விடுமா? ஆறு மீட்டர் நாடா ஒன்று வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். ஏழாம் நம்பர் அறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாடாவை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினார். இரண்டு வாரம் வகுப்பு திருவிழாவாக இருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கண் விரிந்தது. அதைப் பார்த்து இவருக்கும் விரிந்தது.

கடைசி இரண்டு பெஞ்சுகளில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்கள் நாடாவை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார்கள், ஒழுங்காக வெட்டினார்கள். எத்தனை துண்டு என்றால் எண்ணிச் சொன்னார்கள். நாடா இல்லாமல் கேட்டால் முழித்தார்கள். நாலையும் ஆறையும் பெருக்கத் தெரியாதவனிடம் போய் இருபத்துநாலு கால் என்றால் அவன் என்ன செய்வான்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஐந்தாம் வகுப்பில் விட்டதை ஆறில் பிடிக்கவில்லை, ஆறில் விட்டதை ஏழில் பிடிக்கவில்லை. அவ்வளவு ஓட்டையையும் இத்தனை நாளும் காம்பஸும் வரைபடமும் மூடிவைத்திருந்தன. இப்போது மூடி போய்விட்டது.

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண்ணுக்கு டேப்பு என்று பட்டப்பெயர். பழைய டேப் ரிக்கார்டர் மாதிரி எதைக் கொடுத்தாலும் பதித்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்லுவாள். வரலாற்றுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், முற்றுப்புள்ளி முதற்கொண்டு ஒப்பிப்பாள். அர்த்தம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிப்பாள். கர்வம் கிடையாது. வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, யார் எதை எடுத்துவரச் சொன்னாலும் ஓடுகிற பிள்ளை.

அவளுடைய அம்மா சாரின் மனைவி வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ஒருநாள் தரை துடைக்கிற கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சீட்டுக் கவுண்டர் ஜன்னலுக்கு வந்து நின்றாராம்.

"அக்கா, இங்கேயே நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்க. பத்தாவதுல கணக்கு பாஸாகியிருக்கணுமாம். எம்பொண்ண நான் லேட்டாத்தான் பள்ளிக்கூடத்துல போட்டேன்கா, அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் துடைக்கிற தரையில எம்பொண்ணு ஷூ போட்டு நடக்கணும்."

"முப்பத்தஞ்சு சார்கிட்ட படிக்கிற பொண்ணு பெயிலாகுமா? போய் வேலையப் பாரு" என்று அந்த அம்மாளும் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சாரிடம் சொன்னபோது, "உன்னை யாரு வாக்குக் கொடுக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தார். பிறகு குட்டிபோட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்தார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கடைசி இரண்டு பெஞ்சும் ஒற்றை இலக்கம். டேப்பு ஆறு. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"புரிஞ்சு படிக்கிறது எல்லாம் நல்லதுதான் சார், நான் வேண்டாங்கல. ஆனா வருஷக் கடைசியில எனக்கு முப்பத்தெட்டு பேரும் வேணும். இத்தனை வருஷமா கொடுத்தீங்கல்ல?"

"இத்தனை வருஷம் கேட்ட கேள்வி வேற மேடம்."

"அப்ப இந்தக் கேள்விக்கு ஒரு வழி பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாத வழியா?"

அன்று மாலை வகுப்பில் அந்தப் பதினோரு பேர் மட்டும் இருந்தார்கள். நாடாவைப் பிடித்துப் பிடித்து எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது. டேப்புதான் பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வெகு மரியாதையாகக் கேட்டாள்.

"சார், இதை நீங்க போர்டுல எழுதிப் போட்டுட்டீங்கன்னா நான் படிச்சுடுவேன் சார்."

சார் பலகையின் விரிசல் பக்கம் திரும்பினார். பிறகு சாக்பீஸை எடுத்தார். இந்த இடத்தில் அவரைக் குறை சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளைக்கு நீச்சல் பாடமா நடத்துவார்கள்? கையில் கிடைத்த கயிற்றை வீசுவார்கள். அவர் கையில் இருந்த கயிறு அது ஒன்றுதான்.

ஆனால் ஏனோதானோ என்று எழுதவில்லை. மாதிரி வினாத்தாள்களைப் புரட்டி, விளக்கக் கேள்வியில் வரக்கூடியவை பத்து என்று பொறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். சொந்த வார்த்தை என்கிறார்களே, அது என்ன என்று யோசித்தார். புத்தகத்தில் இல்லாத வார்த்தைதான் சொந்த வார்த்தை என்று முடிவுக்கு வந்தார். புத்தகத்தின் ஒரு வரிகூடப் படாமல் எழுதினார். பிள்ளைகள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அங்கங்கே ஒரு 'அட' போட்டார். வீட்டுச் சங்கதி ஒன்று சேர்த்தார். துணிக் கேள்விக்கு அவர் எழுதிப் போட்டது இதுதான்:

'என்னிடம் ஆறு மீட்டர் துணி இருக்கிறது. அதை முக்கால் மீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு மீட்டரில் நான்கு கால் மீட்டர் உண்டு. ஆகவே ஆறு மீட்டரில் இருபத்துநான்கு கால் மீட்டர். மூன்று கால் சேர்ந்தால் ஒரு துண்டு. ஆகவே எட்டுத் துண்டு. நான் செய்தது என்ன? நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தேன். முக்காலைத் தலைகீழாக்கிப் பெருக்குவதும் அதுவேதான். அட, இவ்வளவுதானா! என் அம்மா துணி வெட்டும்போது இதைப் பார்த்திருக்கிறேன்.'

எழுதி முடித்து அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். அவர் வாழ்நாளில் புரிந்துகொண்ட ஒரே கணக்கு அது. பஸ்ஸில் அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லையும் சேர்த்துப் பலகையில் போட்டாயிற்று. பதினோரு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பள்ளி விட்ட பிறகு ஏழாம் நம்பர் அறையில் தினமும் கூட்டு ஒப்பித்தல் நடந்தது. "அட, இவ்வளவுதானா!" என்று பதினோரு குரலும் ஒரே ராகத்தில் எழும்பும்போது தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தேர்வு முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒருத்தியிடமிருந்து வினாத்தாளைப் பிடுங்கிப் பார்த்தார். நாலு விளக்கக் கேள்வியில் மூன்று அவருடையவை! 'முழு எண்ணைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? ஓர் எடுத்துக்காட்டுடன் உன் சொந்த வார்த்தைகளில் விளக்குக.' துணியேதான்! சார் வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற சைக்கிள்களுக்கு நடுவே சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். டேப்பு ஓடி வந்தாள்.

"மூணையும் எழுதிட்டேன் சார். ஒரு வார்த்தை விடல."

"மத்த கணக்கு?"

"தெரிஞ்ச வரைக்கும் போட்டேன் சார்."

மூன்றுக்கும் பதினைந்து. மற்றதில் ஒரு இருபது வராதா? வந்துவிடும். அன்று மனைவியிடம், "உன் ஆயாம்மாகிட்ட ஷூ அளவு பாத்து வைக்கச் சொல்லு" என்றார்.

தேர்வு முடிவு வந்த நாளில் பதினோரு எண்களுக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று இருந்தது. இரண்டு நாளில் கடிதம் வந்தது. பதினோரு விடைத்தாள்களில் மூன்று விடைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன, பார்த்து எழுதியதாகச் சந்தேகம், விசாரணைக்கு வரவும், நிரூபணமானால் இரண்டு வருடம் தேர்வெழுதத் தடை. தலைமையாசிரியை கடிதத்தைச் சாரின் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேர்வு அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. நடையில் போட்டிருந்த பெஞ்சில் பதினோரு பேரும் பெற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆயா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பினாயில் வாடையோடு அப்படியே வந்திருந்தார். பயிற்சிச் சேர்க்கைக்கு மறுநாள் கடைசி நாள். விண்ணப்பத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். மதிப்பெண் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இரண்டு ஆண் அதிகாரிகள், நடுவில் ஒரு பெண். சாருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: நெற்றிக்கு ஏறிய அதே மூக்குக்கண்ணாடி, பயிற்சி மேடம். அவருக்கும் இவரைத் தெரிந்தது. மேடம் வணக்கம் சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருகிட்டருந்து யாரு பாத்து எழுதினாங்க சார்?" என்றார் ஒரு அதிகாரி. "பதினோரு பேரும் 'என் அம்மா துணி வெட்டும்போது'ன்னு எழுதியிருக்காங்க. இதோ, இந்தப் பையனுக்கு அம்மாவே இல்லன்னு உங்க பதிவேட்டுலயே இருக்கு."

சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பையன் தினமும் அந்த வரியை உரக்கச் சொன்னபோது பக்கத்தில்தானே நின்றார்! எப்படித் தோன்றாமல் போயிற்று?

"யாரும் யாரையும் பாக்கல சார். நான் எழுதிக் கொடுத்தேன், பிள்ளைங்க மனப்பாடம் பண்ணாங்க. தப்புன்னா என் தப்பு. காப்பி மட்டும் இல்ல."

"அதை நாங்க எப்படி நம்பறது?"

அப்போதுதான் சாருக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தார். "ஒரு பொண்ணு இருக்கா. மொதல்ல அவளக் கூப்பிடுங்க. கையில தாளே இல்லாம சொல்லுவா. கேட்டுட்டுச் சொல்லுங்க, காப்பியடிக்கிற பிள்ளையான்னு."

டேப்பு வந்தாள். தலையை வழித்துச் சீவியிருந்தாள். மேடம் கனிவாகத்தான் கேட்டார். "பின்னத்தால வகுக்கும்போது ஏன்மா தலைகீழாப் போடறோம்?"

டேப்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னிடம் ஆறு மீட்டர் துணி இருக்கிறது" என்று தொடங்கினாள். ஒரு தடங்கல் இல்லை. மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகச் சொல்லி, ஏழாம் நம்பர் அறையின் அதே ராகத்தில் "அட, இவ்வளவுதானா!" என்று எழுப்பி, அம்மா துணி வெட்டியதையும் சொல்லி முடித்தாள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"சரி, காப்பி இல்ல" என்று முதல் அதிகாரி கோப்பை மூடினார். மற்றவர் அவர் பக்கம் சாய்ந்து, "துணி உதாரணம் நம்ம பயிற்சிக் கையேட்டுல இருக்கறதுதானே?" என்று முணுமுணுத்தார். மேடத்தின் காது சிவந்தது. சாருக்கு மூச்சு வந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். அவருக்கும் மனசு வரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "ஆறு மீட்டர் இல்லாம ஒன்பது மீட்டர் இருந்துச்சுன்னா எத்தனை துண்டும்மா?"

டேப்பு சாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நேராக நின்று, "என்னிடம் ஆறு மீட்டர் துணி இருக்கிறது" என்றாள்.

"ஒன்பதும்மா."

"என்னிடம்..." நின்றாள். விழுங்கினாள். "என்னிடம் ஆறு மீட்டர் துணி இருக்கிறது. அதை முக்கால் மீட்டர்..."

"ஆறு இல்லம்மா, ஒன்பது. ஒன்பது மீட்டர் துணி."

மூன்றாவது தடவையும் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தபோது சார் எழுந்துவிட்டார். "போதும் மேடம், விட்டுடுங்க. குழந்தைய விட்டுடுங்க."

அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். பார்த்து எழுதவில்லை, ஆகவே தடை கிடையாது. ஆனால் சொந்த வார்த்தையில் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று வினாத்தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. பதினோரு பேருக்கும் அந்த மூன்று விடைக்கும் பூஜ்யம். மேடம் பட்டியலைச் சார் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒருவர்கூட முப்பதைத் தொடவில்லை. டேப்பு இருபத்துநாலு.

"மேடம், நீங்க சொல்லிக் கொடுத்ததத்தான் நான் சொன்னேன். நான் சொன்னதத்தான் அவ சொன்னா. எனக்கு அது புரிஞ்சுது மேடம், சத்தியமா புரிஞ்சுது. அந்த விடையில என்ன தப்பு இருக்கு? ஏன் பூஜ்யம்?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது ரூல் சார்" என்றார்.

சார் நடைக்கு வந்தார். பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்தார்கள். டேப்பு முந்திக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. அதற்குமேல் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

"மொத தடவை ஒரு வார்த்தை கூட விடல, இல்ல சார்?"

"இல்லம்மா. ஒரு வார்த்தை கூட விடல."

"அப்ப பாஸுங்களா சார்?" என்றார் ஆயா. பிளாஸ்டிக் உறையைத் திறந்து பேனாவைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

இருபத்துநாலை முப்பத்தைந்தாக்குவது ஒரு காலத்தில் அவருக்கு இடதுகை வேலை. வரைபடத்தில் எட்டு, சூத்திரத்தில் மூன்று, முடிந்தது. பழக்கதோஷத்தில் மனசு இப்போதும் தேடிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"இருபத்துநாலும்மா" என்றார்.

ஆயாவுக்கு அது புரியவில்லை. பேனாவோடு நின்றார். டேப்பு பென்சில் கடிக்கிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, விரல்களை மெதுவாக ஒவ்வொன்றாக மடித்தாள். யாரும் அவளுக்கு எழுதிப் போடவில்லை, யாரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை.

"இன்னும் பதினொண்ணு வேணும்மா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

சரியாகத்தான் போட்டிருந்தாள்.